சங்கு பொறித்த பழைய பித்தளைச் சின்னம் திருவிதாங்கூர்ப் பட்டாளத்துடையதா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் பக்கத்துப் பழைய வீட்டின் பரணில் சங்கு பொறித்த பித்தளைச் சின்னம் கிடைத்தது, தாத்தா மகாராஜாவின் பட்டாளத்தில் இருந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்குளம் வட்டம் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; 1956 நவம்பர் 1இல்தான் அது தமிழ்நாட்டுப் பக்கம் (அன்றைய சென்னை மாநிலம்) வந்தது. ஆகவே சங்கு திருவிதாங்கூருடையதாகவே இருக்கும். பட்டாளம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

காரணம், நானும் இப்படி ஏமாந்தவன். என் அம்மாவின் தாத்தா 'ராஜ சேவகத்தில்' இருந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆதாரமாக உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வில்லை, நடுவில் சங்கு. அதை வைத்துக்கொண்டு அவரைச் சிப்பாயாக்கி, கல்லூரி நாட்களில் நண்பர்களிடம் ஹவில்தாராக உயர்த்தியும்விட்டேன். பழம்பொருள் சேர்க்கும் பெரியவர் ஒருவர் அதை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பினார். பின்னால் வார் நுழைக்கும் இரண்டு பட்டைகள் இருந்தன. "இது தொப்பியில் குத்துவது இல்லை தம்பி, இடுப்பு வாரில் கோப்பது. வீட்டில் மணி கட்டிய கோல் ஏதாவது கிடக்கிறதா?" என்றார். கிடந்தது! மாட்டுக்காரக் கோல் என்று நாங்கள் எண்ணித் தொழுவத்தில் சாத்தி வைத்திருந்தோம். தாத்தா அஞ்சலோட்டக்காரர். திருவிதாங்கூர் அரசு தனக்கென்று நடத்திய தபால் சேவைக்கு அஞ்சல் என்றே பெயர். மணிக்கோலைக் குலுக்கிக்கொண்டு பையோடு ஓடியவர்கள் அவர்கள். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அன்று மாலை ஹவில்தார் பதவி பறிபோனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சங்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்காகவே இதைச் சொன்னேன். வலம்புரிச் சங்கு அந்த அரசின் முத்திரை. கொடியில் அதுதான், சக்கரம் என்ற காசில் அதுதான், 1888இல் வெளிவந்த முதல் அஞ்சல் தலையிலும் அதுதான். கச்சேரிச் (அரசு அலுவலக) சேவகர் தோளின் குறுக்கே அணியும் டவாலியின் வில்லையிலும் அது வரும். வில்லைச்சேவகன் என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதானே. சங்கின் இருபுறமும் யானை நின்று, 'தர்மோஸ்மத் குலதெய்வதம்' என்ற வாசகமும் இருந்தால் அது முழு அரச முத்திரை. பல்லக்கு, விளக்கு, குடை ஆகியவற்றோடு சங்கு இருந்தால் அது கொச்சி, திருவிதாங்கூர் அன்று.

பட்டாளத்துச் சின்னம் என்றால் பெரும்பாலும் சிறியது. தொப்பியில் அணிவதற்குப் பின்னால் இரண்டு குட்டிக் காதுகளோ, நாக்குப் போன்ற ஒரு தகடோ இருக்கும். முன்னால் படைப்பிரிவின் பெயரோ அதன் சுருக்கமோ இருந்தால்தான் நம்புவேன். திருவிதாங்கூரில் அந்தப் பெயர் நாயர் பிரிகேட். 1809இல் ஆங்கிலேயரை எதிர்த்து வேலுத்தம்பி தளவாய் (தளவாய் என்றால் தலைமை அமைச்சர்) நடத்திய கலகத்துக்குப் பிறகு கலைக்கப்பட்ட படையின் மிச்சத்தைத் திரட்டி, 1830இல் அதற்கு அப்பெயரைச் சூட்டினார்கள். பெயருக்கேற்ப வெகுகாலம் அதில் நாயர்களையே சேர்த்தார்கள்; உங்கள் குடும்பக் கதையோடு இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பின் இந்தப் படை மெட்ராஸ் ரெஜிமெண்டில் கரைந்து, அதன் 9, 16ஆம் பட்டாலியன்களாயிற்று.

எண் ஏதேனும் இருந்தால் அவசரப்பட்டுச் சிப்பாய் எண் என்று சொல்லிவிடாதீர்கள். 1090, 1105 என்பது போல இருந்தால் அந்தப் பக்கத்து நாட்காட்டியான கொல்லம் ஆண்டாகவும் இருக்கலாம். 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். 1924 பெருவெள்ளத்தை 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று அந்தப் பக்கத்து முதியவர்கள் சொன்னது 1099ஐ வைத்துத்தான்.

இணையத்தில் விற்கும் 'சமஸ்தானப் பட்டாளச் சின்னங்களை' ஒப்பிட எடுக்காதீர்கள். அவற்றில் பல நேற்று வார்த்தவை. அச்சில் அடித்த பழைய தகட்டின் கூர்மை இல்லாமல், மேற்பரப்பு மணல் மணலாக இருக்கும். பரணில் கிடைத்த உங்களுடையதற்கு அந்தக் கவலை குறைவு.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். எங்கள் வில்லையில் சங்குக்குக் கீழே ஏதோ ஒரு வரி இருந்தது. என் சித்தி ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார், வரி போயிற்று. மென்மையான துணியால் தூசியைத் தட்டி, எழுத்து மங்கலாக இருந்தால் பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். பின்பக்கத்தின் படத்தையும், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, இங்கே போடுங்கள். தொழுவத்தில் கோல் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.