பாறைத் தோட்டச் செடி நடுவில் அழுகுகிறது, என்ன மருந்து?

கேள்வி: போன வருஷம் பாறைத் தோட்டம் போட்டு லூயிசியா, சாக்ஸிஃப்ராகா, செம்பர்விவம் என்ற மலைச்செடிகளை நட்டேன். குளிர்காலம் முடிந்து பார்த்தால் லூயிசியா மொத்தமும் போய்விட்டது, சாக்ஸிஃப்ராகா நடுவில் பழுப்பாகி, தொட்டால் கையோடு வருகிறது. குளிர் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது அதே கடைக்காரர் பூஞ்சைக்கொல்லி ஊற்றி, அடுத்த குளிருக்குத் துணி போட்டு மூடச் சொல்கிறார். எந்த மருந்து வாங்கலாம்?

பதில்: மருந்தை விடுங்கள். கையோடு வருகிறது என்றால் ஈரத்தில் அழுகியிருக்கிறது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, இவை கடுங்குளிரையும் தாங்கும். ஆனால் உயர்மலையில் குளிர்காலம் முழுக்கப் பனிப் போர்வைக்கு அடியில் நனையாமல் தூங்குகிற செடியைத் தாழ்நிலத்தில் மாதக்கணக்காக மழையில் நிற்க வைத்தால் எப்படி? துணி போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். மேலே ஒரு கண்ணாடித் தகடு, பக்கங்கள் திறந்தபடி, போதும். செம்பர்விவம் பற்றி நீங்கள் எழுதவில்லை, அது லேசில் சாகாது.

சரி, எந்த மண்ணோடு நட்டீர்கள்? தொட்டியைக் கவிழ்த்து அந்தக் கறுப்பு உருண்டையோடு அப்படியே குழியில் இறக்கியிருப்பீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். நர்சரிகளில் பீட் (சதுப்பு நிலத்துப் பாசி மக்கு) கலவையில் வளர்ப்பது எடை குறைவு என்பதற்காக, செடி சீக்கிரம் கொழுக்கும் என்பதற்காக. சுற்றிலும் எவ்வளவு நல்ல ஜல்லி மண் இருந்தாலும் அந்த உருண்டை மட்டும் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், வெயிலில் ஒருமுறை முழுசாகக் காய்ந்தாலோ திரும்ப நனைப்பதே பெரும்பாடு. அதில் உரக் குருணை வேறு! தழைச்சத்து தின்று ஊதிய செடியைப் பூவோடு காட்டி விற்றுவிடுவார்கள், குளிர்காலம் உங்கள் பாடு. இனி வாங்கினால் வசந்தத்தில் வாங்கி, வாளித் தண்ணீரில் வேரை அலசி, கறுப்பு மண்ணை முக்கால்வாசியாவது கழற்றிவிட்டு நடுங்கள்.

குழியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்பார்கள். வடியாது. மேல்மண் தெப்பமாக நனைந்த பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும், அதற்குள் வேர் அழுகியிருக்கும். கலவையிலேயே பாதிக்கு மேல் 3 முதல் 6 மி.மீ. கல் சிப்ஸ் இருக்கட்டும், மீதி தோட்ட மண்ணும் இலைமக்கும். பூச்சு மணல் வேண்டாம், நைசாக இருந்து இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். அப்புறம் செடியின் கழுத்தைச் சுற்றி 2 செ.மீ. உயரத்துக்கு அதே சிப்ஸ்.

லூயிசியாவை இரண்டு பாறைகளுக்கு நடுவே பக்கவாட்டில் சாய்த்துச் செருகுங்கள், குருத்தில் தண்ணீர் தேங்காது. சாக்ஸிஃப்ராகாவில் ஓரத்துக் கொத்துகள் இன்னும் பச்சையாக இருந்தால் துளி தண்டோடு கிள்ளி ஈர சிப்ஸில் நிழலாக நட்டு வையுங்கள், வேர் விடும்.