சாயம் குறைகிறதா, முடி வளர்கிறதா?

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி): எனக்கு 52 வயது. மகளின் திருமணத்துக்காக முதன்முறையாகத் தலைக்கு அடர் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டேன். செவ்வாய், வெள்ளி தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீரில் சீயக்காய் போட்டுத் தலை முழுகுவது என் வழக்கம். இரண்டே வாரத்தில் காதோரம் வெள்ளை தெரிகிறது. மற்ற இடமெல்லாம் செம்பட்டையாகிவிட்டது. வீட்டில் இருப்பது போர்த் தண்ணீர்தான். சாயத்தை மாற்றுவதா, எண்ணெய்க் குளியலை விடுவதா?

பதில்: முதலில் கண்ணாடி முன் நின்று, காதோரத்து வெள்ளை முடியின் அடியில் மட்டும் ஒரு கோடாகத் தெரிகிறதா, நுனி வரை பரவியிருக்கிறதா என்று பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும் என்பதால், இரண்டு வாரத்தில் அரை செ.மீ. புது நரை எட்டிப் பார்ப்பது இயல்பு. அது சாயத்தின் குற்றமன்று. அதற்கு வேரோரம் மட்டும் மறுபடி பூசினால் போதும். ஒவ்வொரு முறையும் நுனி வரை பூசினால் முடி நைந்து, அடுத்த சாயத்தைப் பிடித்து வைக்கும் வலுவையும் இழக்கும்.

செம்பட்டை வேறு விஷயம். நிலையான சாயங்களில் உள்ள பெராக்சைடு, உங்களிடம் எஞ்சியிருக்கும் கருமுடியின் இயற்கை நிறத்தையும் சற்று வெளுத்துவிடுகிறது. மேலே ஏறிய சாயம் கழுவக் கழுவக் குறையும்போது, அடியில் இருக்கும் அந்தச் செந்நிறம் வெளியே வருகிறது. ஆகவே, சாயம் எதனால் குறைகிறது என்பதே உங்கள் கேள்வியின் மையம்.

எண்ணெய்மீது பழி போட வேண்டாம். முடி நனைந்தால் உப்பும், உப்பினால் மேல் செதில்கள் விரியும், அந்த இடுக்கு வழியாகச் சாயம் கசியும். நீர் சூடாக இருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். எண்ணெய்ப் பிசுக்குப் போக வேண்டும் என்று இரண்டு மூன்று முறை சீயக்காய் தேய்த்து, அத்தனை முறையும் வெந்நீரால் அலசுவதுதான் உங்கள் சாயத்தைக் கரைக்கிறது. செவ்வாய், வெள்ளி இரண்டில் ஒரு நாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை வழிய விடாமல் அளவாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் என்றால் முடிக்குள் ஓரளவு ஊறி, நீரில் உப்புவதைக் குறைக்கும் என்ற கூடுதல் நன்மையும் உண்டு. சீயக்காயை அப்படியே பொடியாகப் போட்டுத் தேய்க்காமல், கொதிக்க வைத்து ஆறியபின் துணியில் வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்தினால், திப்பி உரசி முடியைச் சிராய்க்காது. சாயம் பூசிய பிறகு முதல் தலைக்குளியலை இரண்டு, மூன்று நாள் தள்ளிப்போடுங்கள்.

இனி தண்ணீர். உங்கள் ஊரில் லுங்கி நூலுக்குச் சாயம் ஏற்றுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரின் அருமையை என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புச் சத்து உங்கள் முடியிலும் படிந்து, அதைச் சொரசொரப்பாக்கி, நிறத்தை மங்கலாகக் காட்டும். சோப்பு இந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் பசைபோல ஒட்டும் கசடு உண்டாகும். சீயக்காயில் அந்தத் தொல்லை இல்லை என்பதால், இந்த ஒரு வகையில் உங்கள் பழைய வழக்கமே மேல். குளியல் முழுவதற்கும் நல்ல தண்ணீர் தேட வேண்டியதில்லை. கடைசியாக அலசுவதற்கு மட்டும் இரண்டு சொம்பு குடிநீரோ, பிடித்து வைத்த மழைநீரோ போதும். ஒரு லிட்டரில் அரை எலுமிச்சையைப் பிழிந்து வடிகட்டி ஊற்றினால் படிவு ஓரளவு கரையும். ஆனால் தலையில் புண்ணோ கீறலோ இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

வெயிலும் சாயத்தைத் தின்னும். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் வெளியே போகும்போது முந்தானையை வெறும் மரியாதைக்காக அல்லாமல், முடி முழுவதும் மறையும்படி போர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்): அமோனியா இல்லாதது என்று எழுதியிருந்த சாயத்தைப் பூசியும் நெற்றியோரம் அரித்துத் தடித்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கறுப்பு மருதாணிப் பொடி பூசலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலும் ஒவ்வாமை உண்டாக்குவது அமோனியா அன்று, கருமை தரும் பிபிடி என்னும் வேதிப்பொருள். கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும் அது கலந்திருக்கும். கலப்பில்லாத மருதாணி செம்மைதான் தரும், கருமை தராது. ஒருமுறை தடித்தவருக்கு மறுமுறை இன்னும் கடுமையாக வரக்கூடும் என்பதால், தோல் மருத்துவரைப் பார்க்கும் வரை எந்தச் சாயமும் வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, மருத்துவமனைக்குப் போவதில் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இதுவரை தொல்லை இல்லாதவர்களும் ஒவ்வொரு முறையும் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பாகக் காதின் பின்புறம் ஒரு பொட்டளவு தடவிப் பார்க்க வேண்டும்.