டென்னிஸ்: பல்கலைக்கழக அணித் தேர்வு – வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தேர்வுப் போட்டிக்கு எட்டு மாணவர்கள் வருகிறார்கள். இருப்பது இரண்டு கோர்ட். நாக்-அவுட் நடத்தி முதல் இருவரை எடுத்துக்கொண்டால் போதாதா?
– உடற்கல்வி இயக்குநர், திருச்சி

போதாது. இருப்பதில் சிறந்த இருவர் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டால் ஒருவர் அன்றே வீட்டுக்குப் போய்விடுவார். எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் 28 ஆட்டம். அதற்கு உங்கள் கோர்ட்டும் தாங்காது, பிள்ளைகளும் தாங்கமாட்டார்கள். நான்கு பேர் வீதம் இரண்டு பிரிவாக்குங்கள். தரவரிசையில் முதல் இருவரை ஆளுக்கொரு பிரிவில் வைத்து, மற்றவர்களுக்குக் குலுக்கல் போடுங்கள். மொத்தம் 12 ஆட்டம். ஆளுக்கு நாளைக்கு ஒன்று என்றால் மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காம் நாள், பிரிவுக்கு இருவராக அரையிறுதி.

சண்டை வருவது மூவர் சமநிலையில்தான். ஒரு பிரிவில் அ, ஆ, இ, ஈ என நால்வர் என்று வையுங்கள். செட் கணக்கில் அ, ஆவை 2-0 என வென்றார். ஆ, இயை 2-1. இ, அவை 2-1. மூவருமே ஈயை 2-0. மூவருக்கும் இரண்டு வெற்றி. ஆடிய செட்டில் வென்றதைக் கணக்கிட்டால் அ 7-க்கு 5, இ 8-க்கு 5, ஆ 7-க்கு 4. அ முதலிடம், சரி. இரண்டாமிடம் யாருக்கு? செட் விகிதப்படி இ. நேருக்கு நேர் பார்த்தால் ஆ. எந்த விதி என்பதை முதல் பந்து போடுவதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் சொல்லும் விதியை எந்தப் பெற்றோரும் நம்பமாட்டார்.

இன்னொன்று. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் தனிப்பதக்கத்துக்கான ஐந்து பிரிவுகளில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள்: ஆண்கள், பெண்கள், கலப்பு. ஒற்றையரில் நமக்குப் பதக்கம் அபூர்வம். 1979-ல் நந்தன் பால் வெள்ளி வென்றார், 2025-ல் வைஷ்ணவி அட்கர் வெண்கலம் வென்றார். அப்படியிருக்க, ஒற்றையர் முடிவை மட்டும் வைத்து அணி எடுப்பது பெரிய தவறு. ஒரு நாளாவது ஜோடிகளை மாற்றி மாற்றி ஆடவிட்டு, இரண்டாவது சர்வீஸில் நெட்டுக்கு வரத் தயங்காதவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2002 மார்ச்சில் பிறந்தேன். முதுகலைப் படிப்பு 2026-ல் முடிகிறது. 2027 உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்குத் தகுதி உண்டா?
– மாணவர், மதுரை

சர்வதேச விதிப்படி உண்டு. போட்டி ஆண்டின் டிசம்பர் 31 அன்று வயது 18-க்குக் குறையாமலும் 25-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். முந்தைய ஆண்டில் பட்டம் பெற்றவரும் ஆடலாம். ஆனால் நம் அணியை எடுப்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்; அதன் அறிவிப்பிலுள்ள நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குமா?
– தாய், சேலம்

சால்புட்டமால் இன்ஹேலருக்கு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 வரை அனுமதி உண்டு. ஒரு முறை அழுத்தினால் 100 என்றால், 8 மணி நேரத்துக்கு ஆறு முறை. அதே மருந்தை மாத்திரையாகவோ சிரப்பாகவோ எடுக்கக் கூடாது. இருமலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் சிரப்பில்தான் ஆபத்து அதிகம்; பலவற்றில் டெர்புடலின் இருக்கிறது, அது தடைசெய்யப்பட்டது. பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் ஒரு மூடிகூடக் கொடுக்காதீர்கள்.