துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்: இந்த மாதக் கேள்விகள்

மாங்காய் சீசன் முடிந்து கையில் நாலு காசும் கொஞ்சம் நேரமும் வந்ததும் நம் பக்கம் எல்லோருக்கும் துப்பாக்கி ஞாபகம் வந்துவிடும் போல. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மல்டி-கன் பற்றித்தான், அதாவது ஒரே போட்டியில் பல துப்பாக்கிகளை மாற்றி மாற்றிச் சுடுவது. ஒரே வீடியோ எல்லோருடைய போனுக்கும் போயிருக்கிறது என்று கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது.

மூன்று துப்பாக்கியை மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே சுடும் போட்டி பார்த்தேன். ஓசூரில் எங்கே பழகலாம்? என்ன செட் வாங்க வேண்டும்?
(ஓசூர்)

வீடியோவில் பார்த்த அதே மாதிரி இங்கே முடியாது. அந்தப் போட்டிக்கு 9 எம்எம் பிஸ்டல், செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், 12 போர் ஷாட்கன் வேண்டும். 9 எம்எம் இங்கே தடை செய்யப்பட்ட ரகம். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் சாதாரண லைசென்ஸில் வராது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியதே இரண்டு துப்பாக்கிதான். போட்டி வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு, ஆனால் அது நேற்று வீடியோ பார்த்தவருக்குக் கிடையாது.

ஆசை உண்மை என்றால் காற்றழுத்தத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஆரம்பியுங்கள். ஒற்றைக் கையில், நின்றபடி, 75 நிமிடத்தில் 60 ஷாட். சலிப்பாக இருக்கும் என்று சொல்லப் போகிறீர்கள். ஆமாம், இருக்கும். நடுவில் 11.5 மில்லிமீட்டர் வட்டம், அதில் குத்தினால்தான் 10. நின்ற இடத்தில் அதைத் தொட முடியாதவர் ஓடிக்கொண்டு எதைத் தொடப் போகிறார்?

சொந்த ஊர் காவேரிப்பட்டணம். டல்லாஸில் 3 வருடமாக ஐ.டி. வேலை. இங்கே 3-கன் போட்டி நிறைய நடக்கிறது. மூன்றையும் ஒரே தடவையில் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். எந்த பிராண்ட் நல்லது?

தம்பி, பிராண்ட் கேட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், என்ன விசா என்று ஒரு வார்த்தை இல்லை. ஹெச்-1பி என்றால் துப்பாக்கியோ குண்டோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பனுடையதை ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், வாங்கிச் சுடுவதும் அதில் அடக்கம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. வக்கீலிடம் ஒரு முறை கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். கிரீன் கார்டு என்றால் இந்த வம்பு இல்லை.

சரி, அது முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் போட்டிக்கு வெறுங்கையோடு போங்கள். இலக்கு அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், விழுந்த இரும்புத் தட்டை நிமிர்த்தி வையுங்கள். ஒரு நாள் அப்படிச் செய்தால், யார் எதை வைத்துத் தடுமாறுகிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். வாங்கும்போது முதலில் கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு, பிறகு விறைப்பான பெல்ட், ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் (இடுப்பு உறை). துப்பாக்கி கடைசி.

பிஸ்டல் 9 எம்எம், ரைஃபிள் .223, ஷாட்கன் 12 கேஜ் (நம்மூர் 12 போர்தான்) செமி ஆட்டோ. இந்த மூன்றில் ஓரளவு ஓடக்கூடிய எந்தக் கம்பெனிப் பொருளும் முதல் வருடத்துக்குப் போதும். ரைஃபிளுக்கு 1-6 மடங்கு ஸ்கோப் ஒன்று. பக்கத்து அட்டைக்கு 1, 200 கஜத்து இரும்புக்கு 6. நேரம் போவது எங்கே தெரியுமா? ஷாட்கனுக்குக் குண்டு ஏற்றுவதில். குண்டு நிரப்பிய மேகசினை அப்படியே மாட்டுவது போல இல்லை, ஒவ்வொன்றாகவோ, கை பழகியவர்கள் நாலு நாலாகவோ உள்ளே தள்ள வேண்டும். டம்மி குண்டு வாங்கி வீட்டில் தினமும் 10 நிமிடம் ஏற்றிப் பழகினால், ஆயிரம் டாலர் ஸ்கோப் தராததை அது தரும். ஒரு நாள் போட்டிக்கு மூன்றுக்கும் சேர்த்து முந்நூறு குண்டு போகும். பெட்டிக் குண்டு வாங்கியதும் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள், இரும்புத் தட்டு கெட்டுவிடும்.

இன்னும் இரண்டே விஷயம். சுட்டு முடித்த ரைஃபிளை அதற்கென்று வைத்திருக்கும் பீப்பாயில் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடும்போது சேஃப்டி (ட்ரிகரைப் பூட்டும் பொத்தான்) போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் துப்பாக்கி காலி செய்யப்பட்டிருக்க வேண்டும். மறந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்து 180 டிகிரி: குழல் முனை எப்போதும் இலக்குப் பக்கம், இலக்கைப் பார்த்து நிற்கும்போது உள்ள தோள் கோட்டுக்குப் பின்னால் ஒரு விரற்கடைகூடத் திரும்பக் கூடாது. வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போதுதான் சிக்கிக்கொள்வார்கள். உடம்பு இடப்பக்கம் திரும்பும், மேகசின் மாட்டுகிற வாகில் குழல் அதைவிட இடப்பக்கம் போகும், பின்னால் நிற்கிற ரேஞ்ச் ஆபிசர் "ஸ்டாப்" என்பார். திறந்து காலி என்று பார்த்த துப்பாக்கியோடு நடந்து பழகுங்கள். விரல் ட்ரிகருக்கு வெளியே.

எந்த பெல்லட்?
(ஊத்தங்கரை)

ஏர் துப்பாக்கிக் குண்டுதானே? 4.5 மில்லிமீட்டர், தட்டைத் தலை. கூர்த் தலை அட்டையைக் கிழிக்கும், ஓட்டை சுத்தமாக விழாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது ஈயம். கழுவாமல் டீக்கடையில் வடையைத் தொடுகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

போட்டோ இணைத்திருக்கிறேன். என் நிற்கும் முறையும் பிடியும் சரியாக இருக்கிறதா?
(பாலக்கோடு)

நிற்கும் முறையைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. மொட்டை மாடி. புது ஏர் ரைஃபிள். ஆள்காட்டி விரல் ட்ரிகர் மேல். குழல் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற சேலையைப் பார்த்து இருக்கிறது, அந்தச் சேலைக்குக் கீழே ஒரு குழந்தையின் தலை பாதி தெரிகிறது. இதை எடுத்தவருக்கும் தெரியவில்லை, அனுப்பிய உங்களுக்கும் தெரியவில்லை, அதற்கு 40 பேர் லைக் வேறு.

"லோட் பண்ணலை சார்" என்று அடுத்த கடிதம் வரும். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். லோட் செய்யாத துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. திறந்து, கண்ணால் பார்த்து, காலி என்று காட்டக் குழலுக்குள் செருகும் சேஃப்டி கொடி மாட்டிய துப்பாக்கி உண்டு. மற்றதெல்லாம் லோட் செய்ததுதான். இது வேண்டாத கண்டிப்பு என்று நினைப்பவர்களுக்கு என் கதை ஒன்று.

பயிற்சியாளராக ஆன இரண்டாவது வருடம். ஒரு பையனுக்கு ட்ரிகர் எவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்று காட்டுகிறேன். காலி என்று நினைத்தேன், ஏனென்றால் நான்தான் காலி செய்தேன், ஆனால் நடுவில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார், நான் திரும்பிய நேரத்தில் அந்தப் பையன் ஆர்வத்தில் ஒரு பெல்லட் போட்டு மூடிவிட்டான். நான் பார்க்கவில்லை. குழலை மேலே வைத்துக்கொண்டு அழுத்தினேன். வெளிச்சத்துக்காகக் கூரையில் போட்டிருந்த பழைய ஃபைபர் ஷீட்டில் டப் என்று ஒரு ஓட்டை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஷீட்டை நான் மாற்றவே இல்லை. காலை பத்து மணிக்கு அந்த ஓட்டை வழியாக ஒரு ரூபாய் அளவு வெயில் தரையில் விழும், மழை பெய்தால் சரியாக என் வருகைப் பதிவேட்டு மேஜை மேல் சொட்டும். புதிதாக வருகிறவர்கள் "சார், ஒழுகுதே" என்று சொன்னால்தான் வகுப்பை ஆரம்பிப்பேன்.

அந்தப் போட்டோவை நீக்கிவிடுங்கள். அட்டைக்குப் பின்னால் செங்கல் சுவரோ மண் மூட்டையோ உள்ள, யாரும் குறுக்கே வர முடியாத இடத்தில் 10 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி வைத்து இன்னொரு போட்டோ அனுப்புங்கள், அப்போது நிற்கும் முறையைப் பற்றிப் பேசலாம்.

தாத்தா லைசென்ஸில் இரட்டைக் குழல் 12 போர் இருந்தது. அவர் இறந்து 8 மாதம் ஆகிறது. அதை வைத்து டிராப் போட்டிக்குப் போகலாமா?
(பென்னாகரம்)

8 மாதமாக அது வீட்டில் எங்கே இருக்கிறது? பரணிலா? இன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்டுக் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பிக்கலாம், வாரிசுகளுக்கு வழி இருக்கிறது. அதுவரை அது உங்களுடையது இல்லை. பறக்கும் மண் தட்டைச் சுடுகிற டிராப் அப்புறம். அங்கே எல்லோரும் மேலும் கீழுமாகக் குழல் உள்ளதை வைத்திருப்பார்கள், பயிர்க் காவலுக்கு வாங்கிய பக்கவாட்டுக் குழல் உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் ஒத்துவருவது சந்தேகம். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் வரை போன போட்டி அது, கொஞ்சம் மரியாதை கொடுத்து வாருங்கள்.

ஏர் ரைஃபிள் வாங்கினால் போட்டிக்கும் ஆச்சு, மாந்தோப்பில் மயிலை விரட்டவும் ஆச்சு என்று நினைக்கிறேன். சரிதானே?
(பர்கூர்)

இல்லை. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உள்ளே போவீர்கள். வலை கட்டுங்கள்.

மகளுக்கு 13 வயது. எவ்வளவு செலவாகும்?
(அரூர்)

உள்ளூர்த் தயாரிப்பு ஏர் ரைஃபிள் பத்து, இருபதாயிரத்துக்குள் கிடைக்கும். வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டிக்கென்றே செய்தது, இரண்டரை, மூன்று லட்சம். 4.5 மில்லிமீட்டரும் 20 ஜூலுக்குக் கீழும் என்றால் லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்றோடு உங்கள் பெயரில் வாங்குங்கள். ஆனால் இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். ஆறு மாதம் கிளப் துப்பாக்கியில் சுடட்டும். வளர்கிற பிள்ளை, இன்றைக்குச் சுடும்போது போடுகிற ஜாக்கெட் தைத்தால் அடுத்த வருடம் பட்டன் போடாது. பழைய மேட்ச் ரைஃபிள் வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள், பத்து வருடம் தாண்டியது வேண்டாம். மலிவு என்று வாங்கி வந்து என்னிடம் காட்டி, முகம் தொங்கிப் போனவர்கள் நிறைய.

தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் ஏர் ரைஃபிள் எடுத்து வரலாமா? பயமாக இருக்கிறது.

பெட்டியில் வைத்துப் பூட்டி, பில் நகலோடு வாருங்கள். பெல்லட் தனிப் பையில். கண்டக்டர் கேட்டால் கிரிக்கெட் பேட் என்று பொய் சொல்லாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை லக்கேஜ் டிக்கெட் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்.