மாடியில் சோலார் இருந்தும், கரண்ட் போனால் வீட்டிலும் கரண்ட் இல்லையே, ஏன்?

கோளாறு எதுவும் இல்லை. அதன் அமைப்பே அப்படித்தான். எங்கள் வீட்டில் சோலார் போட்ட புதிதில், உச்சி வெயிலில் கரண்ட் போனதும், சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. "அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான்.

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வர்ட்டர், அதாவது தெருக் கம்பியோடு இணைந்து ஓடும் இன்வர்ட்டர், அந்தக் கம்பியில் வரும் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் பார்த்துத்தான் தன் மின்சாரத்தை அதோடு சேர்க்கிறது. கம்பியில் சப்ளை இல்லையென்றால் ஓரிரு நொடிக்குள் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குள் போகும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிருக்கே ஆபத்து.

கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டுமா? சரி, பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வர்ட்டர் வேண்டும். அது தெருக் கம்பியைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை மட்டும் அதில் இணையுங்கள். ஏசியையும் சேர்த்தால் பேட்டரிச் செலவு எகிறிவிடும். எப்போதாவதுதான் கரண்ட் போகிறது என்றால், நானாக இருந்தால் பேட்டரி பக்கமே போக மாட்டேன்.