இருவர் ஆண்ட ரோம்: கேள்வி பதில்

கே: ரோமக் குடியரசில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர் ஆட்சியாளர்களான இரண்டு கான்சல்களுக்கும் சம அதிகாரம் என்றால், அன்றாட நிர்வாகத்தை யார் பார்த்தார்கள்?

நகருக்குள் மாதம் மாற்றி மாதம். ஆளுக்கு 12 லிக்டர்கள், அதாவது பிரம்புக் கட்டு சுமக்கும் ஏவலர்கள். முறை உள்ளவருக்கு முன்னால் அவர்கள் நடப்பார்கள். முறை இல்லாதவருக்கு ஒரு சேவகன் மட்டும் முன்னே போக, லிக்டர்கள் பின்னால் வருவது பழைய வழக்கம், கி.மு. 59-இல் சீசர் அதை மீண்டும் கொண்டுவந்தார். முறை இல்லாதவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை, சகாவின் ஆணையைத் தடுக்கலாம். மோதல் வந்தால் 'கூடாது' என்றவர் சொல்தான் நிற்கும்.

கே: கார்த்தேஜ் தளபதி ஹானிபாலிடம் ரோம் கன்னே போரில் தோற்றது இந்த முறையால்தானா?

பாதி உண்மை. வழக்கமாக ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு திசை என்று போய்விடுவார்கள். படைகள் ஒன்றுசேர்ந்தால்தான் வம்பு: ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைமை மாறும். இன்று ஒருவர் பொறுத்திருப்பார், நாளை மற்றவர் பாய்வார். கன்னே போர் நடந்த கி.மு. 216 ஆகஸ்ட் 2, கான்சல் வாரோவின் முறை. சக கான்சல் பவுலஸ் வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் போலிபியஸ். அதை அப்படியே நம்ப வேண்டாம். போலிபியஸை ஆதரித்த ஸ்கிபியோ எமிலியானஸ், பவுலஸின் பேரன். ஹானிபாலின் சுற்றிவளைப்பை வாரோ தலையில் கட்டுவது அவர்களுக்கு வசதி. இத்தகைய ஆபத்துக்காகத்தான் அதிகபட்சம் 6 மாதத்துக்கு ஒரே ஒரு டிக்டேட்டரை, அதாவது தனி ஆட்சியாளரை நியமிக்கும் வழி இருந்தது. முந்தைய ஆண்டு ஃபேபியஸ் அப்படி வந்தவர்தான்.

கே: தடுப்பதை மற்றவர் மதிக்காவிட்டால்?

ஒன்றும் செய்ய முடியாது. கி.மு. 59-இல் சீசரின் நிலச் சட்டத்தைத் தடுக்கப் போன சக கான்சல் பிபுலஸ் தலையில் சாணம் கொட்டினார்கள், லிக்டர்களின் பிரம்புக் கட்டுகளை முறித்தார்கள். அதன்பின் அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு, வானத்தில் சகுனம் பார்ப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார். சகுனம் பார்க்கும் நாளில் சட்டம் நிறைவேற்றக் கூடாது என்பது விதி. சீசர் கண்டுகொள்ளவில்லை. அது 'ஜூலியஸும் சீசரும் கான்சலாக இருந்த ஆண்டு' என்று ஊரே நக்கலடித்தது.

கே: இன்று எங்காவது உண்டா?

சான் மரினோவில் இரண்டு தலைவர்கள், 6 மாதப் பதவி. ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் மாறுவார்கள். பதவி முடிந்ததும் அவர்கள்மேல் குடிமக்கள் புகார் தரலாம். பெரும்பாலும் சடங்குப் பதவி என்பதால் சண்டை இல்லை.

வட அயர்லாந்து வேறு கதை. முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும். 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மெக்கின்னஸ் விலக, 2020 ஜனவரி வரை அமைச்சரவையே இல்லை. ரோமில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு கான்சல் இறந்தாலோ விலகினாலோ மீதிக் காலத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவர் நாற்காலி அசையாது.