செம்பனை எண்ணெய் ஊற்றியும் பசு ஏன் இளைக்கிறது?

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் நான்கு கறவை மாடுகள் வளர்க்கிறேன். மூன்றாம் ஈற்றுப் பசு ஒன்று கன்று போட்டு மூன்று வாரம் ஆகிறது. தொடக்கத்தில் நாளுக்கு 14 லிட்டர் கறந்தது, இப்போது 8 லிட்டர்தான். அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிவிடுகிறது. புல்லை மட்டும் சிறிது கடிக்கிறது. சாணம் இறுகி வருகிறது. மூச்சில் ஒருவித இனிப்பு வாடை. பலம் வரட்டும் என்று தினமும் காலையில் ஒரு போத்தல் செம்பனை எண்ணெயும் குலா மலாக்கா வெல்லக் கரைசலும் ஊற்றுகிறேன். எண்ணெயைக் கூட்டலாமா?

பதில்: ஐயா, எண்ணெயைக் கூட்ட வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் கீட்டோசிஸ் என்னும் நோயைக் காட்டுகின்றன. உங்கள் பசுவுக்குக் கொழுப்பு போதாமல் இந்த நிலை வரவில்லை. தன் உடம்பிலுள்ள கொழுப்பையே அளவுக்கு மீறிக் கரைத்துவிட்டு, அதை முழுமையாக எரிக்க முடியாமல் அது தவிக்கிறது.

ஒரு லிட்டர் பால் சுரக்க மடிக்கு ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 14 லிட்டர் என்றால் நாளுக்கு ஒரு கிலோ. மாடு இந்தச் சர்க்கரையை நம்மைப் போல் உணவிலிருந்து நேரே பெறுவதில்லை. முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கவைத்துத் தரும் புரோப்பியானிக் அமிலத்தைக் கொண்டு அதன் ஈரல்தான் பெரும்பகுதியைத் தயாரிக்கிறது. கன்று ஈன்ற முதல் வாரங்களில் பால் வேகமாகப் பெருகும், பசியோ அந்த அளவுக்கு ஏறாது. நம் ஊர் வெக்கை அந்தப் பசியை இன்னும் அடக்கிவிடும். இரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் குறையவே, தோலடியிலும் வயிற்றிலும் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து, கொழுப்பமிலங்களாக ஈரலுக்கு வந்து சேருகிறது.

அங்கே கொழுப்பமிலம் முதலில் கோஎன்சைம்-ஏ என்னும் பொருளோடு இணைந்து, கார்னிட்டின் என்ற சுமப்பானின் துணையோடு, செல்லின் எரிசக்தி உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் நான்கு வினைகள் கொண்ட ஒரு சுற்று தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டு கார்பன்கள் அசிட்டைல் கோஏ என்ற துண்டாக வெட்டப்படுகின்றன. கொழுப்பமிலம் இப்படி இரண்டிரண்டு கார்பன்களாகக் குறைகிறது என்பதை 1904-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஃபிரான்ஸ் நூப், நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் கண்டறிந்தார். செம்பனை எண்ணெயில் நிறைந்திருப்பதும் பனையின் பெயரையே தாங்கியிருப்பதுமான பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்கள் உண்டு. ஏழு சுற்றில் அது எட்டுத் துண்டுகளாகிறது. எட்டும் முழுமையாக எரிந்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறுகள் 106 கிடைக்கும். கொழுப்பில் பலம் இருக்கிறது என்று நீங்கள் நம்பியது தவறே அல்ல.

ஆனால் அந்தத் துண்டுகள் சிட்ரிக் அமிலச் சுழற்சி என்னும் வினைத்தொடரில் எரிய வேண்டுமானால் ஆக்சலோஅசிட்டேட் என்ற பொருள் கைகொடுக்க வேண்டும். மடிக்காகக் குளுக்கோஸ் செய்யும் அவசரத்தில் ஈரல் அதையே எடுத்துச் செலவழித்துவிடுகிறது. காற்றோட்டம் இல்லாத அடுப்பில் விறகைத் திணித்தால் புகைதான் மிஞ்சும். அதுபோல எரியாத துண்டுகள் இணைந்து கீட்டோன்கள் என்னும் சேர்மங்களாகின்றன, மிஞ்சும் கொழுப்பு ஈரலிலேயே படிகிறது. மூச்சில் நீங்கள் உணர்ந்த இனிப்பு வாடை, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வருமே, கீட்டோன்களில் ஒன்றான அந்த அசிட்டோனின் வாடைதான். கொழுப்பமிலத் துண்டுகளைக் கொண்டு மாட்டின் உடல் புதிதாகக் குளுக்கோஸ் செய்துகொள்ளவும் முடியாது. ஆகவே நீங்கள் ஊற்றும் எண்ணெய் உண்மையான பற்றாக்குறையைத் தொடுவதே இல்லை. அளவு மிஞ்சினால் முதல் இரைப்பையில் நார் செரிப்பதையும் கெடுக்கும், தலையைத் தூக்கி ஊற்றும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. குலா மலாக்காவும் குளுக்கோஸாக இரத்தத்தைச் சேராது. நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும்போது, கீட்டோனாகவே மாறக்கூடிய பியூட்டிரிக் அமிலமும் கணிசமாக உண்டாகிறது.

முதலில் நோயை உறுதிப்படுத்துங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் கீட்டோன் பட்டையைப் புதிதாகப் பெய்த சிறுநீரில் நனைத்தால் ஊதா நிறம் ஏறும். இரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோசிஸ் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். கருப்பை அழற்சி, மடிநோய், நான்காம் இரைப்பை இடம் பெயர்தல் ஆகியவையும் பசியைக் கெடுத்து இந்த நோயை வரவழைக்கும் என்பதால், கால்நடை மருத்துவர் நேரில் வந்து பார்ப்பதே சரி. தேவையானால் அவர் இரத்தக் குழாய் வழியே டெக்ஸ்ட்ரோஸ் என்னும் குளுக்கோஸ் கரைசலை ஏற்றுவார். அதனுடன், நாளுக்கு ஒரு முறை 300 மில்லி புரோப்பிலீன் கிளைக்காலை மூன்று முதல் ஐந்து நாள் வரை வாய்வழி கொடுப்பது வழக்கம். ஈரல் அதை நேரே குளுக்கோஸாக்கிக்கொள்ளும். பெயர் ஒத்திருக்கிறதே என்று வாகன ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள், அது கொடிய நஞ்சு.

தீவனத்தில் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கை மட்டும் நம்பாமல், அரைத்த மக்காச்சோளத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இளம் நேப்பியர் புல்லை வெயில் தணிந்த பிறகு தாராளமாகப் போடுங்கள். அடுத்த ஈற்றுக்கு முன், பால் வற்றிய காலத்தில் பசுவைக் கொழுக்கவிடாதீர்கள்; மிகக் கொழுத்துக் கன்று போடும் பசுவே இந்த நோயில் முதலில் விழுகிறது. ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து அடர்தீவனத்தைப் படிப்படியாகப் பழக்கி, ஈன்ற ஐந்தாம் நாளிலும் பத்தாம் நாளிலும் பட்டைச் சோதனை செய்து பாருங்கள்.